ஆயிரம் பொற்கொல்லரும் ஒரு செய்திக்குறிப்பும்

சிலப்பதிகாரத்தில் நெருக்கடிக்குப் பதில் சொன்ன பாண்டியர்கள் இரண்டு பேர். ஒருவன் நெடுஞ்செழியன். கண்ணகி சிலம்பை உடைத்ததும் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு அந்த இடத்திலேயே உயிரை விட்டான். இன்னொருவனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன். மதுரை எரிந்த பின் பாண்டிநாட்டில் மழை பொய்த்து, வறுமையும் வெப்புநோயும் வந்தபோது, ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான். பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன், தீர்ப்புச் சொன்னது அரண்மனை, தலை கொடுத்தது ஆயிரம் பேர். எம்.ஏ. வகுப்பில் இந்த இடத்தை நாங்கள் ஒரு மூச்சில் தாண்டிப் போனோம்.

2024 ஜனவரியில் கொற்கைக்குப் போனபோதுதான் இது திரும்ப நினைவுக்கு வந்தது. அங்கே அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் பொன்வேலை நடக்கும் இடம். பொற்கொல்லரின் தடம் பெயராக நிற்கும் மண்ணில், வெள்ளம் வடிந்து சில வாரமே ஆகியிருந்தது.

ஒரு நிறுவனமோ அரசோ நெருக்கடி வரும்போது என்ன பேசுவது என்பதை எப்படித் தேர்ந்துகொள்கிறது? இதற்கென்றே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு துறை வளர்ந்திருக்கிறது. வில்லியம் பெனாய்ட் 1995இல் ஐந்து வழிகளை வகுத்தார். மறுப்பது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது, நடந்ததைச் சின்னதாக்கிக் காட்டுவது, திருத்தம் செய்வதாக வாக்களிப்பது, மன்னிப்புக் கேட்பது. இவற்றில் எதை எப்போது எடுப்பது என்பதற்கு திமோதி கூம்ஸ் ஒரு கணக்கு கொடுத்தார். நெருக்கடிகள் மூன்று வகை. நிறுவனமே பாதிக்கப்பட்ட தரப்பாக நிற்பது (இயற்கைச் சீற்றம், வதந்தி), தற்செயலாக நடந்தது (இயந்திரக் கோளாறு), தடுத்திருக்கக் கூடியது. மக்கள் பொறுப்பை எவ்வளவுக்கு நிறுவனத்தின்மேல் ஏற்றுகிறார்களோ அவ்வளவுக்கு அது இறங்கிவந்து பேச வேண்டும். பழைய கெட்ட பெயர் இருந்தால் இன்னும் ஒரு படி கூடுதலாக இறங்க வேண்டும். பலியாடு தேடுவதை கூம்ஸ் மறுப்பின் ஒரு வகையாகவே வைக்கிறார். நம்ம செழியன் அந்தக் கட்டத்தில் சரியாகப் போய் உட்காருவான்.

கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது எந்த வகை என்று பெயர் வைப்பது யார்? பெரும்பாலும் அந்த நிறுவனமேதான். பெயர் வைக்கிற இடத்திலேயே பாதிப் பதில் முடிந்துபோகிறது.

தாமிரபரணிக்கரையிலிருந்தே எடுத்துக்கொள்வோம். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம். ஆற்றில் மூழ்கி இறந்தார்கள் என்றது அரசுத் தரப்பு. இலக்கணம் படித்தவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தைப் பார்க்கிறேன். எழுவாய் செத்தவர்கள். 'இற' தன்வினை. துரத்தியவருக்கு, அடித்தவருக்கு வாக்கியத்தில் இடமே கிடையாது. மறுப்பு என்று தனியாக ஒன்று சொல்லவேண்டிய தேவையே அங்கு எழவில்லை. வினைச்சொல் அந்த வேலையைச் செய்துவிட்டது.

2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்றார்கள். இது பலியாடு. துப்பாக்கிச்சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டதாக அன்றைய முதல்வர் சொன்னார். இது பெனாய்ட் பட்டியலின் இரண்டாவது வழி: எனக்குத் தகவல் இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை. அருணா ஜெகதீசன் ஆணையம் இதை ஏற்கவில்லை. ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். ஒரு பதில் நான்கு வருஷம் தாக்குப்பிடித்தால் போதும், அது தன் வேலையை முடித்துவிடும்.

அப்படியானால் தேர்வைத் தீர்மானிப்பது எது? பொறுப்பின் அளவு என்கிறது கோட்பாடு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1982இல் சிகாகோவில் யாரோ டைலனால் மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் செத்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் செத்தபோது யூனியன் கார்பைடு, இது ஓர் ஊழியரின் நாசவேலை என்றது. 1989இல் 47 கோடி டாலர் கொடுத்தபோதும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. பொறுப்பு எங்கே அதிகம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. டைலனால் வாங்கியவர் நாளைக்கு வாங்காமல் இருக்க முடியும். போபால் குடிசைவாசி எதையும் வாங்கவில்லை, அதனால் எதையும் நிறுத்தவும் முடியாது. நிறுவனம் பார்ப்பது, யாருக்கு நோகடித்தோம் என்பதைவிட, நம்மை நோகடிக்க யாரால் முடியும் என்பதைத்தான்.

இனி 2023 டிசம்பர். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் – சென்னை ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் துண்டிக்கப்பட்டது. இதன் பிறகு நடந்த பேச்சைக் கவனியுங்கள். வானிலை மையம் தாமதமாகச் சொன்னது, சொன்னதைவிடப் பலமடங்கு பெய்தது என்றது மாநில அரசு. 12ஆம் தேதியே சொல்லியாயிற்று என்று 22ஆம் தேதி டெல்லியில் நிர்மலா சீதாராமன் பதில் கொடுத்தார். ஒருபக்கம் இயற்கை, மறுபக்கம் தடுத்திருக்கலாம். கூம்ஸின் முதல் வகைக்கும் மூன்றாவது வகைக்கும் நடந்த சண்டை. அடியில் ஓடியது நிவாரண நிதி பற்றிய தகராறு.

கூம்ஸ் வலியுறுத்துகிற ஒரு விஷயம் நம் நிர்வாகங்களின் கண்ணில் படுவதேயில்லை. பெயரைக் காப்பாற்றும் பேச்சு மூன்றாவதாகத்தான் வரவேண்டும் என்கிறார். முதலில், எப்படித் தப்பிப்பது என்கிற தகவல். அடுத்து, என்ன நடந்தது, இனி என்ன செய்யப்போகிறோம் என்கிற ஆறுதல். இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதுக்குப் போவது நெறியல்ல. எச்சரிக்கை கொடுத்தோமா என்று இரண்டு அரசுகள் வாதாடின. அது யார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அந்த வாதத்துக்குள் வரவேயில்லை. அறிக்கை அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போனாலே 'சொல்லியாயிற்று' என்ற வாக்கியம் இலக்கணப்படி சரியாகிவிடுகிறது. யாருக்கு என்ற நான்காம் வேற்றுமையை யாரும் கேட்பதில்லை.

கொற்கையில் ஒரு பெரியவர் கேட்டார். இரண்டு மாடு போயிருந்தது அவருக்கு. "தம்பி, மழ பெஞ்சதுக்கு நான் யாரையும் கொற சொல்லல. ராத்திரி ஒரு தமுக்கு அடிச்சிருந்தா கயித்தயாவது அவுத்து உட்டுருப்பம்லா?"

நான் பேசாமல் இருந்தேன். பெரியவர் கேட்டது மன்னிப்பும் இல்லை, பலியாடும் இல்லை. ஒரு தமுக்கு. கொற்கைக்கு அரசர்களிடமிருந்து எப்போதும் விளக்கம் வந்திருக்கிறது, சாந்திகூட நடந்திருக்கிறது. தகவல்தான் வந்து சேரவில்லை.