நகராட்சி வாசலில் சிபிஐ: கதவைத் திறப்பது யார்?

கூலித் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், எழுத்தர், பியூன், ஆம்புலன்ஸ் உதவியாளர், பம்பு இயக்குபவர், ஓட்டுநர். மேற்கு வங்க நகராட்சிகளில் விலைக்கு விற்கப்பட்டதாக 2023-ல் அமலாக்கத் துறை பட்டியலிட்ட பணியிடங்கள் இவை. அமைச்சர் பதவிக்கும் கோடிக்கணக்கான ஒப்பந்தத்துக்கும் விலை பேசப்படுவதைக் கேட்டுப் பழகிய தில்லி வட்டாரங்களுக்கே, தெருக் கூட்டும் வேலைக்கும் விலை உண்டு என்ற செய்தி சற்றுப் புதிதாக இருந்தது.

இந்த விவகாரம் தற்செயலாகவே வெளியில் வந்தது. ஆசிரியர் நியமன முறைகேடு தொடர்பாக 2023 மார்ச்சில் கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவரின் இடங்களில் அமலாக்கத் துறையினர் சோதனை நடத்தினர். தேடிச் சென்றது ஆசிரியர் பணிக்கான ஆவணங்களை. கிடைத்தவற்றில் நகராட்சி வேலைகளுக்கான ஆவணங்களும் இருந்தன. வினாத்தாள் அச்சிடுவது, விடைத்தாள்களைத் திருத்துவது, தகுதிப் பட்டியல் தயாரிப்பது ஆகிய மூன்றையும் அவருடன் தொடர்புடைய ஒரே நிறுவனத்திடம் பல நகராட்சிகள் ஒப்படைத்திருந்தன என்பது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு. பரானகர், காமார்ஹாட்டி, தெற்கு டம்டம், டிட்டாகர், காஞ்ச்ரபாரா, ஹாலிசஹர் போன்ற கொல்கத்தா புறநகர் நகராட்சிகளின் பெயர்கள் இதில் அடிபட்டன.

அமலாக்கத் துறை விசாரிக்கக் கூடியது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தை மட்டுமே. லஞ்சம் வாங்கி வேலை கொடுத்த குற்றத்தை விசாரிக்க போலீஸ் வேண்டும். மேற்கு வங்கத்தில் போலீஸ் துறை மாநில அரசின் கையில் இருந்தது. குற்றச்சாட்டுக்கு ஆளான நகராட்சிகளோ அப்போது மாநிலத்தை ஆண்ட திரிணமூல் காங்கிரஸ் கட்சியின் பிடியில் இருந்தவை. சிபிஐ விசாரணை கோரிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான்.

எந்த ஊழலையும் தில்லியில் இருந்து ஓர் உத்தரவு மூலம் சிபிஐயிடம் ஒப்படைத்துவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படி இல்லை. சிபிஐக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. 1963-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி உள்துறை அமைச்சகம் வெளியிட்ட தீர்மானத்தால் உருவான அந்த அமைப்பு, 1946-ம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் நிறுவனச் சட்டத்தில் இருந்தே அதிகாரத்தைப் பெறுகிறது. அச் சட்டத்தின் 6-வது பிரிவு, மாநில அரசின் இசைவு இன்றி அந்த மாநில எல்லைக்குள் சிபிஐ தனது அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்கிறது. காவல் துறையும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே நகராட்சி ஊழல் என்று வரும்போது, மத்திய அரசு இரண்டு வேலிகளுக்கு வெளியே நிற்கிறது.

மாநிலங்கள் பொதுவாக ஒரு பொது இசைவை வழங்கி வைத்திருப்பது வழக்கம். மேற்கு வங்கம் தனது பொது இசைவை 2018 நவம்பரில் விலக்கிக்கொண்டது. மத்திய அரசு அரசியல் எதிரிகள் மீது சிபிஐயை ஏவுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கணக்கெடுத்தபோது இசைவை விலக்கிய மாநிலங்கள் ஒன்பதாக இருந்தன. அந்த ஆண்டு ஜூன் 14-ம் தேதி தமிழகமும் விலக்கிக்கொண்டது. 2024 செப்டம்பரில் கர்நாடகம் சேர்ந்தது. விலக்கல் பழைய வழக்குகளைத் தொடாது. சிக்கிம் தொடர்பான வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. புதிய வழக்குகளுக்குத்தான் பூட்டு.

பூட்டைத் திறக்கும் மாற்றுச் சாவி உயர் நீதிமன்றங்களிடமும் உச்ச நீதிமன்றத்திடமும் இருக்கிறது. அந்தச் சாவி உறுதிப்பட்ட கதையும் மேற்கு வங்கக் கதைதான். 2001 ஜனவரியில் மிதுனப்பூர் மாவட்டம் கர்பேட்டா அருகே திரிணமூல் தொண்டர்கள் பலர் கொல்லப்பட்டதாகப் புகார் எழுந்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அன்று ஆட்சியில் இருந்த இடதுசாரி அரசு, இது கூட்டாட்சிக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2010 பிப்ரவரி 17-ம் தேதி தீர்ப்பளித்தது. மாநில இசைவு இல்லாமலேயே சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை அரிதாக, எச்சரிக்கையுடன், விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அன்று சிபிஐ வேண்டும் என்று குரல் கொடுத்த கட்சி, 2023-ல் அதே தீர்ப்பின் மறுமுனையில் நின்றது.

அந்த ஆண்டு ஏப்ரல் 21-ம் தேதி நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய நகராட்சி நியமனங்களை விசாரிக்கும்படி சிபிஐக்கு உத்தரவிட்டார். மாநில அரசு எதிர்த்தது. ஆசிரியர் நியமனம் வேறு, நகராட்சி நியமனம் வேறு. கல்வி வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிக்கு நகராட்சி விவகாரம் ஒதுக்கப்படவில்லை. தனது போலீஸ் விசாரிக்கத் தவறியது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை என்பன அதன் வாதங்கள். இவற்றை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. கடைசி வாதத்தில் சட்டப்படியே வலு இருந்தது. ஆனால் ஒரே இடைத்தரகர், ஒரே பணப் பாதை என்ற நிலையில் இரண்டு முறைகேடுகளையும் பிரித்துப் பார்க்க முடியாது என்ற எதிர்வாதமே வென்றது. வழக்கு மாற்றப்பட்டு நீதிபதி அம்ரிதா சின்ஹாவிடம் சென்றது. அவரும் மே மாதம் உத்தரவைத் திரும்பப் பெற மறுத்தார். ஜூன் மாதம் இரு நீதிபதிகள் அமர்வும், ஆகஸ்ட் 21-ம் தேதி உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மனுக்களைத் தள்ளுபடி செய்தன.

இதற்கிடையே ஜூன் 7-ம் தேதியே நகராட்சி அலுவலகங்களிலும் மாநில நகர்ப்புற வளர்ச்சித் துறை அலுவலகத்திலும் சிபிஐ சோதனை நடத்திவிட்டது. அக்டோபர் 5-ம் தேதி உணவு அமைச்சர் ரதின் கோஷின் வீட்டுக்கு அமலாக்கத் துறை சென்றது. மூன்று நாள் கழித்து நகராட்சித் துறை அமைச்சரும் கொல்கத்தா மேயருமான ஃபிர்ஹாத் ஹக்கீம், சட்டப்பேரவை உறுப்பினர் மதன் மித்ரா ஆகியோரின் வீடுகளுக்கு சிபிஐ சென்றது. 2024 ஜனவரியில் தீயணைப்புத் துறை அமைச்சர் சுஜித் போஸின் முறை. அனைவரும் குற்றச்சாட்டை மறுத்தனர், பழிவாங்கல் என்றனர்.

முதல் உத்தரவைப் பிறப்பித்த நீதிபதி கங்கோபாத்யாய 2024 மார்ச்சில் பதவியை ராஜிநாமா செய்து, சில நாள்களில் பாஜகவில் சேர்ந்து, தம்லுக் தொகுதியில் மக்களவைக்கு வெற்றி பெற்றதும் திரிணமூலுக்கு எளிதான ஆயுதமாக அமைந்தது. அவரது உத்தரவை மேல் அமர்வும் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருந்தன என்பது உண்மை. ஆனாலும் தீர்ப்பு எழுதிய கை கட்சிக் கொடியைப் பிடித்த வேகம், விசாரணையை ஆதரித்தவர்களுக்கே சங்கடமாக இருந்தது.

இது பாஜகவுக்கும் திரிணமூலுக்கும் இடையிலான சண்டை மட்டும் என்று எண்ணுவோர் 2011-ம் ஆண்டைத் திரும்பிப் பார்க்கலாம். அப்போது தில்லியில் காங்கிரஸ் ஆட்சி, லக்னௌவில் மாயாவதி. ஊராட்சிகள் வழியே நடைபெற்ற மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தில் உத்தரப் பிரதேசத்தின் ஏழு மாவட்டங்களில் பெரும் முறைகேடு என்று புகார் வந்தது. தொழிலாளர்களின் கூலிச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்ற திட்டம் அது. இருந்தும் ஊரக வளர்ச்சி அமைச்சர் ஜெய்ராம் ரமேஷால் செய்ய முடிந்தது, சிபிஐ விசாரணைக்குச் சம்மதிக்கும்படி முதல்வருக்குக் கடிதம் எழுதுவதுதான். சம்மதம் வரவில்லை. 2014 ஜனவரி 31-ம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னௌ அமர்வு உத்தரவிட்ட பிறகே சிபிஐ உள்ளே நுழைந்தது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலம் 2007 முதல் 2010 வரை. வேலையாள் பதிவேடுகளும் மண் வேலையின் தடயங்களும் இத்தனை ஆண்டுகள் அப்படியே காத்திருக்குமா என்பதை கிராம ஊராட்சியை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

போலீஸை அனுப்ப முடியாத மத்திய அரசால் பணத்தை நிறுத்த முடியும். அதே வேலைத் திட்டத்தில் முறைகேடு என்று கூறி, சட்டத்தின் 27-வது பிரிவின் கீழ் 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கான நிதி நிறுத்தப்பட்டது. ஃபிர்ஹாத் ஹக்கீம் வீட்டில் சோதனை நடந்த அந்த 2023 அக்டோபர் நாள்களில், இந்த நிலுவைத் தொகையைக் கேட்டு கொல்கத்தா ஆளுநர் மாளிகை முன் திரிணமூல் தலைவர்கள் தர்னாவில் அமர்ந்திருந்தனர். கவனத்தைத் திருப்பவே சோதனை என்றனர் அவர்கள். திட்டத்தை 2025 ஆகஸ்ட் 1 முதல் மீண்டும் தொடங்கும்படி கொல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முறைகேட்டைத் தடுக்க நிபந்தனை விதிக்கலாம், ஆனால் திட்டத்தை முடக்கி வைக்கக் கூடாது என்றது. மத்திய அரசின் மேல்முறையீட்டை அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. திருடியவர் யார் என்று தெரிவதற்குள், மண் வெட்டியவர் மூன்று ஆண்டுக்கும் மேலாக வேலையை இழந்திருந்தார்.

நீதிமன்றத்தின் சாவியும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மைசூரு நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் முதல்வர் சித்தராமையாவின் மனைவிக்கு 14 மனைகளை ஒதுக்கிய விவகாரத்தில், முதல்வருக்கு எதிரான விசாரணைக்கு ஆளுநர் அளித்த அனுமதியை 2024 செப்டம்பர் 24-ம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்றது. மறுநாள் சிறப்பு நீதிமன்றம் லோக் ஆயுக்த போலீஸ் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதற்கும் மறுநாள் மாநில அமைச்சரவை சிபிஐக்கான பொது இசைவை விலக்கியது. முதல்வரைக் காப்பாற்ற அல்ல என்றது அரசு. நாள்காட்டி வேறு விதமாகப் பேசியது. ஆனால் விசாரணையை சிபிஐக்கு மாற்றக் கோரிய மனுவை 2025 பிப்ரவரி 7-ம் தேதி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. லோக் ஆயுக்த அமைப்பின் சுதந்திரத்தைச் சந்தேகிக்க ஆதாரம் இல்லை என்பது அதற்குக் காரணம். மாநிலத்துக்குள்ளேயே நம்பத்தக்க ஓர் அமைப்பு இருப்பதாக நீதிமன்றம் கருதினால், சிபிஐ தேவைப்படுவதில்லை.

சிபிஐக்கு எனத் தனிச் சட்டம் வேண்டும், அதில் அதன் அதிகாரமும் அதன் நடுநிலைமைக்கான பாதுகாப்பும் சேர்த்தே எழுதப்பட வேண்டும் என்று 2023-ல் பணியாளர் நலத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. இசைவை விலக்கிய பிறகும் தன் மாநிலத்தில் சிபிஐ வழக்குப் பதிவு செய்வதை எதிர்த்து மேற்கு வங்கம் 2021-ல் தொடுத்த வழக்கில், சிபிஐ எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, ஆகவே எங்கள் மீது வழக்குப் போட முடியாது என்று மத்திய அரசு வாதாடியது. 2024 ஜூலை 10-ம் தேதி நீதிபதிகள் பி.ஆர். கவாய், சந்தீப் மேத்தா ஆகியோர் அதை ஏற்கவில்லை. அமைப்பை உருவாக்குவதும், அதன் அதிகார எல்லையை நிர்ணயிப்பதும், கண்காணிப்பதும் மத்திய அரசே என்று சட்டப் பிரிவுகளைச் சுட்டிக்காட்டி, மேற்கு வங்கத்தின் வழக்கு விசாரணைக்கு உகந்தது என்று அவர்கள் தீர்ப்பளித்தனர்.