மூட்டை கட்டும் முன் ஒரு கணக்கு

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோக எண்ணியிருக்கிறீர்களா? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சற்று உட்காருங்கள்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். "சார், ஈப்போவில் 1,700 வெள்ளி தருகிறார்கள். கோலாலம்பூரில் 2,000 வெள்ளி. எங்கே போகட்டும்?" என்றான். அவன் அண்ணன் கணக்குப் பார்க்காமல் போய், மனைவியின் தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்தவன்.

மூவரும் கணக்குப் போட்டோம். 1,700 வெள்ளி என்பது 2025ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் வந்த குறைந்தபட்சச் சம்பளம். அது ஊருக்கு ஊர் மாறாது. வீட்டு வாடகையோ மாறும். சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வெள்ளி, அதோடு சொக்சோ பிடித்தம் போனால், அந்த 300 வெள்ளி வித்தியாசத்தில் கைக்கு வருவது சுமார் 265 தான். கோலாலம்பூர் வாடகை ஈப்போவைவிட அதற்கு மேல் கூடினால், அந்த லாபம் வாடகையிலேயே கரைந்துவிடும்.

வீடு எடுக்கும்போது இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று கேட்பது வழக்கம். வாடகை 600 என்றால் முதல் நாளே 2,100 வெள்ளி வேண்டும். லயத்து வீட்டில் இருந்த நமக்கு இந்தச் செலவு புதிது.

எல்லாமே கோலாலம்பூரில் அதிகம் என்று எண்ணாதீர்கள். அங்கே மாதம் 50 வெள்ளி பாஸ் எடுத்தால் ரேபிட் கே.எல். ரயிலிலும் பஸ்சிலும் எத்தனை தடவையும் போகலாம். ஈப்போவில் மோட்டார் சைக்கிள் இல்லாமல் பலருக்கு வேலைக்குப் போக முடியாது. அதற்குத் தவணையும் பெட்ரோலும் உண்டு. 14 கிலோ கேஸ் தோம்பு இரண்டு ஊரிலும் ஒரே விலைதான்.

கடைசியில் அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: "நானும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் சார் பார்ப்பது? ஈப்போ என்றால் சுங்கை சிப்புட்டில் அம்மா இருக்காங்க."

தாளில் நான் எழுத மறந்த வரி அது. பிள்ளை பார்க்கும் கூலியையும் சேர்த்தோம். ஈப்போதான் என்று முடிவாயிற்று.

உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வாடகை விசாரியுங்கள். கணக்குப் போடும்போது வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.