கலைக்கூடத்தில் குழந்தைகள்

கோடை விடுமுறையில் பேரக் குழந்தைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் முதியவர்களுக்கு முதல் மூன்று நாட்கள் பெருமகிழ்ச்சி. நான்காம் நாள் முதல் ஒரு சிறு கவலை. வெளியே கத்திரி வெயில், உள்ளே கைப்பேசி. இவ்விரண்டுக்கும் இடையில் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது? இவ்வினாவுக்கு நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விடை, கலைக்கூடம் என்பதே. கேட்பவருள் பாதிப்பேர் உடனே முகம் சுளிக்கின்றனர். குழந்தைகளுக்கு அங்கே என்ன விளங்கும் என்று வினவுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் தம் பள்ளிப் பருவத்தில் கண்ட கலைக்கூடம் அத்தகையது.

பள்ளிச் சுற்றுலா எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நான் நன்கு அறிவேன். எத்தனையோ சுற்றுலாக்களுக்குத் துணையாகச் சென்றவன் நான். பேருந்திலிருந்து நூறு மாணவர் இறங்குவர். இருவர் இருவராக வரிசை நிற்கும். ஆசிரியர் முன்னே நடப்பார். அரைமணி நேரத்தில் நூற்றுக்கணக்கான சிலைகளைக் கடந்து மறுவாயில் வழியே வெளியே வந்துவிடுவர். மறுநாள் கட்டுரை எழுதவேண்டுமே என்று சில மாணவர் விளக்க அட்டையில் உள்ளதை மட்டும் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொள்வர். அட்டையைப் பார்த்த கண், அட்டைக்கு மேலே நின்ற சிலையைப் பார்த்திராது. இதனைக் கல்வி என்று கணக்கில் எழுதிவைப்பதைவிட, அப்பிள்ளைகளைப் பெரிய கோயிலின் புல்வெளியில் விளையாட விட்டிருக்கலாம்.

ஆகவே, சென்ற ஆண்டு மே மாதத்தில் தஞ்சைக் கலைக்கூடத்துக்குச் சென்றபோது நான் ஒரு விதி செய்துகொண்டேன். குழந்தைகள் எழுவர்; என் பேரப் பிள்ளைகள் மூவர், அண்டை வீட்டார் பிள்ளைகள் நால்வர். இளையவளுக்கு வயது ஆறு, மூத்தவனுக்குப் பதினான்கு. அன்று நாங்கள் காணப்போவது மூன்று சிலைகளே. நான்காவது ஒன்றைப் பார்க்க விரும்புவோர் என்னிடம் காரணம் சொல்லவேண்டும் என்பது விதி. விலக்கிய பொருளின்மேல் பிள்ளைகளுக்கு ஆசை மிகும் என்பதைப் பயிற்சிக் கல்லூரியில் யாரும் கற்பிக்கவில்லை, வகுப்பறை கற்பித்தது.

தஞ்சைக் கலைக்கூடம் 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நாயக்கர் காலத்தில் எழுந்து மராட்டியர் காலத்தில் விரிவடைந்த அரண்மனையில், சரசுவதி மகால் நூல்நிலையத்துக்கு அருகிலேயே அமைந்துள்ளது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய தடித்த சுவர்கள் வெயிலைப் பெரிதும் வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. கோடையில் அங்குச் செல்வதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். குழந்தைகளிடம் முதலில் சொல்லவேண்டிய காரணமும் இதுதான்.

முதற் சிலையாக நான் தேர்ந்தது, திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகன தேவரின் செப்புத் திருமேனி. உயரம் ஏறத்தாழ மூன்றரை அடி. விளக்க அட்டையை யாரும் படிக்கலாகாது என்று முன்னரே சொல்லியிருந்தேன். ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கவேண்டும். பிறகு கண்டதைச் சொல்லவேண்டும். ஐந்து நிமிடம் என்பது குழந்தைகளுக்கு ஓர் ஊழிக்காலம். முதல் இரண்டு நிமிடம் நெளிந்தார்கள். மூன்றாம் நிமிடத்தில் பார்க்கத் தொடங்கினார்கள்.

தலையிலே முண்டாசு கட்டியிருக்கிறார் என்றான் ஒருவன். இல்லை, அது முடி என்றாள் மற்றொருத்தி. அருகிற் சென்று நோக்கியவன், பாம்பு, பாம்பு என்று கூவினான். மூவர் கூற்றும் உண்மையே. சடையை முண்டாசு போலச் சுற்றி, அதனோடு பாம்பையும் பிணைத்துள்ளான் சிற்பி. ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலை அதற்குக் குறுக்கே மாற்றி வைத்து, இடக்கையைத் தொடையருகே தளரவிட்டு, இறைவன் ஓய்வாக நிற்கிறான். வயல் வேலை முடிந்து வரப்பிலே நிற்கும் ஓர் இளைஞனின் இயல்பான நிலை அது.

அப்போதுதான் ஆறு வயதுப் பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, இவர் எதன்மேல் கையை வைத்திருக்கிறார்? அங்கே ஒன்றுமே இல்லையே!”

நான் எதிர்பார்த்து வந்த வினா அதுதான். வலக்கை முழங்கையளவில் மடிந்து ஏதோ ஒன்றின்மேல் சாய்ந்திருக்கிறது. ஆனால் சாய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கே இருந்தது காளை. இறைவனோடு உடன் நின்ற அந்த விடை நமக்குக் கிடைக்கவில்லை. காளை மறைந்துவிட்டது, காளையின்மேல் சாய்ந்த கை அப்படியே இருக்கிறது.

இதனை நான் அவர்களுக்கு உடனே சொல்லிவிடவில்லை. என்ன இருந்திருக்கும் என்று கேட்டேன். தூண் என்றனர்; நாற்காலி என்றனர்; இறைவியின் தோள் என்றான் பெரியவன். இறுதியில், சிவபெருமானோடு எப்போதும் உடன் இருப்பது எது என்று கேட்டவுடன் எல்லாரும் ஒருமித்துக் கூவினர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். ஒவ்வொரு கோயிலிலும் அவர்கள் கண்ட நந்தி, இங்கே கண்ணுக்குத் தெரியாத நந்தியிடம் அவர்களை அழைத்துச் சென்றது. பின்னர் ஒவ்வொருவரையும் அக்காளையை வரையச் சொன்னேன். பதினான்கு வயதினன் வரைவதற்கு முன் சிலையையே அளவுகோலாகக் கொண்டான். முழங்கை நிற்கும் உயரம்தான் காளையின் உயரத்தை முடிவு செய்யும் என்றான்; கை சாய்வது தலையிலா, திமிலிலா என்பதைப் பொறுத்து அது மாறும் என்றும் சொன்னான். வரலாற்றாசிரியர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. சிற்றூரிலிருந்து வந்த ஒரு சிறுவன் உம்பளாச்சேரி மாட்டை வரைந்தான். தஞ்சைத் தரணியில் பிறந்த காளைக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் வேண்டுமா என்ன?

அதற்குப் பிறகே அட்டையைப் படித்தோம். முதலாம் இராசராசன் ஆட்சியின் பிற்பகுதியில், கி.பி. 1011-இல், இத்திருமேனி எழுந்தருளுவிக்கப்பெற்றது. மறு ஆண்டில் இறைவியின் திருமேனி எழுந்தருளியது. இவற்றைத் திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. வினா எழுந்த பின் கிடைத்த விடையாதலால், ஆண்டு எண் அவர்கள் மனத்தில் தங்கியது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுள் செய்த ஆண்டு தெரிந்தவை மிகச் சில. ஆதலின் காலம் தெரியாத மற்றவற்றை ஒப்பிட்டு அறிய இவை உரைகல் போலப் பயன்படுகின்றன.

திருவெண்காட்டுத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. போரும் படையெடுப்பும் நேர்ந்த காலங்களில் ஊரார் இறைவன் திருவுருவங்களைப் புதைத்துக் காத்தனர் என்று அறிஞர் கருதுவர். புதைத்தவர் மறைந்தபின் இடம் மறந்துபோயிற்று. பின்னாளில் உழும்போதோ கடைகால் தோண்டும்போதோ அவை வெளிப்பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். பத்து ரூபாய் என்றதும் பிள்ளைகள் சிரித்தனர். 1878-இல் பத்து ரூபாய்க்கு எவ்வளவு நெல் வாங்கியிருக்கலாம் என்று அவர்கள் கணக்குப் போடத் தொடங்கவே, சிலையை மறந்து சற்று நேரம் நெல்விலை பேசினோம். அதனால் ஒன்றும் நட்டமில்லை.

அடுத்து ஒருவன் கண்ணாடியைத் தொட்டான். தொடாதே என்றால் குழந்தைகள் ஏன் என்பார்கள். காரணம் சொல்லுதல் நம் கடமை. நம் வியர்வையில் உப்பு உண்டு. அவ்வுப்புச் செம்பை மெல்ல அரிக்கும். அம்மா விளக்கும் செப்புக் குடத்தில் படிகின்ற பச்சைக் களிம்பை அவர்கள் அறிவார்கள்; சிலைமேலுள்ள பசுமையும் அவ்வினத்ததே. “அப்படியானால் கோயிலில் பால், தயிர் எல்லாம் ஊற்றுகிறார்களே, ஐயா?” என்று அண்டை வீட்டுச் சிறுமி கேட்டாள். நல்ல வினா. கோயிலில் திருமேனியை நீராட்டி, உடனுக்குடன் துடைத்து, தூய்மை செய்துவிடுகின்றனர். ஆயினும் நூற்றாண்டுக் கணக்கில் தேய்த்த தேய்ப்பில் மூக்கும் இதழும் மழுங்கிய திருமேனிகள் பல உள. மண்ணில் உறங்கிய திருமேனிகளோ, அத்தேய்மானத்துக்குத் தப்பின. ஒரு பொருளை வழிபடும் அன்பே அதனைத் தேய்க்கிறது. புதைத்த அச்சமே அதனைக் காத்திருக்கிறது. நெடுநேரம் எண்ணிப்பார்க்கத் தக்கது இது.

இத்திருமேனிகள் செய்யப்பெறும் முறையைக் கும்பகோணத்துக்கு அருகேயுள்ள சுவாமிமலையில் இன்றும் காணலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த மெழுகினால் முதலில் உருவத்தைச் செய்கின்றனர். உயரத்துக்கு ஏற்ற தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து முகம், மார்பு, கால் ஆகியவற்றின் அளவைக் காண்கின்றனர். மெழுகுருவின்மேல் காவிரியின் நுண்ணிய வண்டலைப் பூசி உலர்த்தி, அதன்மேல் களிமண் பொதிந்து கம்பியால் கட்டுகின்றனர். தீயில் காய்ச்ச, மெழுகு உருகி வெளியேறும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் எஞ்சும். அவ்வெற்றிடத்தில் செம்பை முதன்மையாகக் கொண்ட உலோகக் கலவையை உருக்கி வார்க்கின்றனர். ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுத்தல் வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஓர் உருவமே. “தவறிப்போனால்?” என்றான் ஒருவன். மீண்டும் மெழுகிலிருந்து தொடங்கவேண்டியதுதான் என்றேன். தேர்வுத்தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது போன்றது என்று அவனே உவமை கூறிக்கொண்டான்.

பீடத்தைக் கூர்ந்து பார்க்குமாறும் சொன்னேன். பல திருமேனிகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவை தண்டு செருகவும் கயிறு கட்டவும் அமைந்தவை. இவ்வுருவங்கள் ஓரிடத்தில் நிற்பதற்காகச் செய்யப்பெற்றவை அல்ல. பட்டும் மாலையும் புனைந்து, தீவட்டி ஒளியில், நாதசுர ஒலியோடு தெருவிலே உலா வந்தவை. நாம் காணும் வெற்றுத் திருமேனியை, அக்காலத்து அடியார் திருமுழுக்கின்போதன்றிக் கண்டிருக்கமாட்டார். கலைக்கூடம் நமக்குச் சிலையை அருகே காட்டுகிறது. ஆனால் தெருவையும் திருவிழாவையும் காட்ட அதனால் இயலாது. அவற்றைக் குழந்தைகளின் மனம்தான் மீண்டும் அமைத்துக்கொள்ள வேண்டும். காளையை வரையப் பழகிய பிள்ளைகளுக்கு அது அரிதன்று.

கல்லூரி மாணவர்களுக்கு இங்கே ஒன்று கூற விரும்புகிறேன். எந்நாட்டுக் கலைக்கூடத்தில் நின்றாலும், இப்பொருள் எங்கிருந்து, எவ்வழியாக இங்கே வந்தது என்று கேளுங்கள். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை, ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. நம் ஊர்க் கோயிலில் பூட்டிய கதவுக்குப் பின்னே ஒரு வெற்றிடம் இருக்க, கடல் கடந்த மண்டபத்தில் அத்திருமேனி ஒளிவிளக்கின்கீழ் நின்றது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படங்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என நிறுவினர். 2014-இல் அது நம் நாட்டுக்குத் திரும்பிற்று. யாரோ ஒருவர் ஒரு சிற்றூர்க் கோயிலில் பொறுமையாக நின்று படமெடுத்தமையும், வேறொருவர் அப்படத்தைப் பொறுமையாகப் பார்த்தமையுமே அம்மீட்சிக்கு அடிப்படை. ஊர்க்கோயில் திருமேனிகளுக்கெல்லாம் இத்தகைய பதிவு இருந்திருந்தால் எத்தனையோ களவுகள் எளிதில் வெளிப்பட்டிருக்கும்.

மூன்று சிலைகளைப் பார்க்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான்காவது ஒன்றைக் காண இருவர் காரணம் கூறினர், இசைந்தேன். வெளியே வந்ததும், அரண்மனை வளாகத்தில் உள்ள திமிங்கில எலும்புக்கூட்டைக் காணவேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டனர். அதற்குக் காரணம் எதுவும் கேட்காமலே அழைத்துச் சென்றேன். திமிங்கிலத்தின் விலா எலும்புகளைத்தான் அவர்கள் தம் பெற்றோரிடம் முதலில் வருணித்தனர். சிலைகளைப்பற்றி அன்று மாலைவரை பேச்சே இல்லை. இதனைக் கண்டு ஆசிரியர்கள் மனம் தளரவேண்டுவதில்லை.

இரவு உணவின்போது பேத்தி மட்டும் கேட்டாள், அந்தக் காளை இன்னும் திருவெண்காட்டு மண்ணுக்குள்ளே இருக்கிறதா என்று. இருக்கலாம் என்றேன். சீர்காழியிலிருந்து பூம்புகார் செல்லும் வழியில் உள்ளது அவ்வூர். வரும் விடுமுறையில் அங்குச் சென்று, கோயிலைச் சுற்றிக் கல்வெட்டுக்களையும் பார்த்து வருவதென்று முடிவு செய்துள்ளோம். மண்வெட்டி எடுத்து வரக்கூடாது என்பதை மட்டும் அவளுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.