ஃப்ரிட்ஜுக்குள் பொங்கும் மாவு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லிக்கு மாவு அரைக்கிறவர்கள் ஈஸ்ட் போடுவதில்லை. மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியா உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. லியூகோனோஸ்டாக் என்று பெயர். ராத்திரி முழுக்க மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். விடிவதற்குள் மாவு ஏறிவிடும். பிறகுதான் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலைக்கு வேலை. அதே மாவில் ஒரு கிண்ணம் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கிறது. மார்கழியில் மாவு சோம்பும் என்பது காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத் தறிக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாக்டீரியா உயிரோடுதான் இருக்கிறது, வேகம்தான் போய்விட்டது.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல் இப்படிப்பட்ட ஃப்ரிட்ஜ். கரையோர நீர் பல இடங்களில் மைனஸ் 1.8 டிகிரி வரை இறங்கும். அதற்கும் கீழே போனால் கடல்நீரே உறைந்துவிடும். கண்டத்தைச் சுற்றி ஓடும் பெரிய நீரோட்டம் வெளிக்கடலின் சூட்டை ஓரளவு விலக்கி வைக்கிறது. ஓடு நொறுக்கும் நண்டுகள் அங்கே ஆழம் குறைந்த கடலடியில் இல்லாததற்கு இந்தக் குளிர் ஒரு காரணம். கடல்நீரில் மக்னீசியம் அதிகம். வெதுவெதுப்பான நீரில் நண்டு அதைத் தன் ரத்தத்திலிருந்து வெளியே தள்ளிவிடும். கடுங்குளிரில் பெரும்பாலான நண்டுகளால் அது முடியாது. மக்னீசியம் ஏறினால் மயக்க மருந்து கொடுத்த மாதிரி அசைவு மந்தமாகும். பகைவனே வராத வீட்டில் கதவு எதற்கு? அங்கே கடலடியில் வாழும் பல உயிர்களுக்கு நொறுக்குகிற கொடுக்கைச் சமாளிக்கும் வழியே தெரியாது.

வெளியிலிருந்து வரும் வளர்ந்த சிப்பி இந்தக் குளிரைத் தாங்கிவிடலாம். சிக்கல் அதன் குஞ்சுக்கு. முட்டையிலிருந்து வரும் நுண்புழு நீரில் மிதந்து, வளர்ந்து, பாறையில் ஒட்டியாக வேண்டும். நீர் குளிரக் குளிர அதற்கு ஆகும் நாள் கூடிக்கொண்டே போகும். பசியிலோ இன்னொன்றின் வாயிலோ வழியிலேயே முடிந்துவிடும். அதனால் கோடையில் அரை டிகிரி, ஒரு டிகிரி கூடுவதும் பெரிய விஷயம். அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் 1955-க்குப் பிறகு கோடைக்கால மேல்மட்ட நீர் 1 டிகிரிக்கும் மேல் சூடேறிவிட்டது.

வெளியிலிருந்து புதிதாக வரும் உயிர்களை உறை என்று வைத்துக்கொண்டால், அந்த உறை அங்கே போவது கப்பலில். கப்பல் பாரம் சமன் செய்ய ஏற்றும் பலாஸ்ட் நீரில் நுண்புழுக்கள் போகின்றன. அடிப்பக்கத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு போகின்றன. வெளிப்பலகையில் ஒட்டியதைப் பனிக்கட்டி உரசிச் சுரண்டிவிடும். கடல்நீரை உறிஞ்ச அடியில் விட்டிருக்கும் குழிகளுக்குள் பனி எட்டாது. கிரைண்டரை எவ்வளவு கழுவினாலும் கல்லுக்கு அடியில் கொஞ்சம் மாவு தங்குமே, அந்த இடம். தென்னாப்பிரிக்காவின் எஸ்.ஏ. அகுல்ஹாஸ் என்ற அண்டார்டிகக் கப்பலில் இப்படிப்பட்ட குழிக்குள் மத்தியதரைக் கடல் சிப்பி உயிரோடு இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அண்டார்டிகாவிலுள்ள இந்தியாவின் மைத்ரி, பாரதி நிலையங்களுக்கு நம் ஆட்கள் கிளம்புவதும் பெரும்பாலும் அதே தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்துதான். 2014 முதல் 2018 வரை அண்டார்டிகாவுக்குப் போன கப்பல்களைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு, அவை உலகின் 1,581 துறைமுகங்களோடு தொடர்புள்ளவை என்று கணக்கிட்டது.

உறை விழுந்ததற்கு அடையாளமும் கிடைத்திருக்கிறது. 1986-இல் தெற்கு ஷெட்லாந்து தீவுகளருகே வட அட்லாண்டிக்கைச் சேர்ந்த சிலந்தி நண்டு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சிக்கின. 2019-இல் அதே தீவுக்கூட்டத்தின் கிங் ஜார்ஜ் தீவில் அப்போதுதான் ஒட்டிய சிப்பிக் குஞ்சுகள் கிடைத்தன. இரண்டும் வேரூன்றியதாகத் தெரியவில்லை. இதை வைத்து நிம்மதி அடைவது சரியில்லை என்பது என் எண்ணம்: குஞ்சு ஒட்டும் அளவுக்குப் போய்விட்டது என்றால் மீதி இருப்பது சூடும் நேரமும்தான்.

சூடு குறையே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று பார்க்க எண்ணூருக்குப் போனால் போதும். தென் அமெரிக்கக் கடற்கரையைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு சிப்பி எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பரவியிருக்கிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். கப்பலோடு வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் கணிப்பு. சேற்றின் மேல் ஓட்டோடு ஓடாக நெருங்கி அடைத்துக்கொள்வதால் இறால் புதைந்து பதுங்க இடமில்லாமல் போகிறது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் பிழைப்பில் மண். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆட்களும் படகுகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இங்கேயே அள்ளித் தீர்க்க முடியவில்லை என்றால், பனிக்கு நடுவே யார் அள்ளுவது?

அதனால் கவனமெல்லாம் உறை விழாமல் தடுப்பதில் இருக்கிறது. வெளியிட உயிர்களை அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோவதை இந்திய அண்டார்டிகச் சட்டம் 2022-இல் தடை செய்தது. பலாஸ்ட் நீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற நாடுகளின் கப்பல்கள் அந்த நீரைச் சுத்திகரித்தாக வேண்டும். கப்பலின் அடியில் ஒட்டியதற்கு அப்படி உலகம் முழுவதற்குமான கட்டாயம் எதுவும் வரவில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011-இல் வெளியிட்டு 2023-இல் திருத்தியவை வழிகாட்டுதல்கள் மட்டுமே. கல்லுக்கு அடியில் கழுவுவதும் விடுவதும் இன்னும் கப்பல்காரர் இஷ்டம்.