தவளையின் குரலில் ஏறும் வெப்பம்

சி ரூசா பக்கம், மழை விட்ட இரவில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நின்று பாருங்கள். கால்வாயில் தவளை, புல்லில் சில்வண்டு, காது அடைத்துப்போகும். அந்த இரைச்சலுக்குள் ஒரு வெப்பமானியும் ஒளிந்திருக்கிறது. உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வசதி சில்வண்டுக்குக் கிடையாது. காற்று சூடானால் அதன் தசை விரைந்து இயங்கும், கிறீச்சொலியும் விரைவாகும். ஒலிகளை எண்ணி வெப்பநிலையைக் கணக்கிடும் சூத்திரத்தை அமெரிக்க இயற்பியலாளர் ஏமோஸ் டோல்பியர் 1897-இலேயே எழுதிவிட்டார்.

தவளைக்கும் அதே கதைதான். போர்ட்டோ ரிக்கோ தீவில் 'கோக்கி' என்றொரு சிறு தவளை உண்டு. பெயரே அதன் குரல். 'கோ' என்றால் மற்ற ஆண்களுக்கு எச்சரிக்கை. 'கீ' என்றால் பெண்ணுக்கு அழைப்பு. மலையடிவார வெப்பத்தில் வாழும் கோக்கிக்குச் சிறிய உடல், கீச்சுக்குரல், சுருக்கமான அழைப்பு. உச்சிக் குளிரில் இருப்பதற்குப் பெரிய உடல், கனத்த குரல்.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர் பீட்டர் நரின்ஸ் 1983-இல் அங்கே ஒரு மலைச்சாலை நெடுக, பல உயரங்களில் இக்குரல்களைப் பதிவு செய்தார். 23 ஆண்டு கழித்து, 2006-இல், அதே சாலையில் மறுபடியும் பதிந்தார்கள். குரலின் சுருதி ஏறியிருந்தது, அழைப்பின் நீளம் குறைந்திருந்தது. முன்பு கீழே கேட்ட குரல் இப்போது மேலே கேட்டது! இந்த மாற்றத்துக்கு ஈடான வெப்ப உயர்வு வெறும் 0.37 டிகிரி செல்சியஸ் என்று 2014-இல் வெளியான கட்டுரை கணக்கிட்டது.

பெண் தவளையின் செவி 'கீ'யின் சுருதிக்கு இசைந்தது. குரல் மாறும் வேகத்துக்குச் செவி மாறாவிட்டால் கூப்பிடுகிறவன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், வரவேண்டியவள் வரமாட்டாள்.

தமிழ்நாட்டின் வால்பாறையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மரம் நட்டு மீட்ட காட்டுத் துண்டுகளிலும் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டினார்கள். எந்தப் பறவைகள் திரும்பி வந்தன என்று அறியத்தான். இருந்தாலும் அந்தக் கோப்புகள் பின்னாளில் நரின்ஸின் 1983 நாடாவைப் போல ஒப்பிட உதவும். பழைய பதிவு இல்லாமல் மாற்றத்தை எதோடு ஒப்பிடுவது?

கோக்கிக்காவது ஏற மலை இருக்கிறது. சி ரூசா கடலோரச் சமவெளி. இங்குள்ள தவளை எங்கே போகும்? கைப்பேசி உள்ளவர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் பதிந்து வையுங்கள். தேதி, வெப்பநிலை, அன்று மழை பெய்ததா என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.