குருத்தணுவிலிருந்து இதயத்தசைச் செல் வரை: மரபணு வெளிப்பாட்டு மாற்றங்களும் முதிர்ச்சியின்மைச் சிக்கலும்

முன்னுரை

தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைந்த திசுக்களுள் ஒன்று மனித இதயத்தசை. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் பெருகிய கார்பன்-14, செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும் அளவைக் கொண்டு அச்செல்களின் வயதை சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் கணித்தனர். இருபத்தைந்து வயதினரின் இதயத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டுத் தசைச் செல்களும், எழுபத்தைந்து வயதினரிடம் 0.45 விழுக்காட்டுச் செல்களும் மட்டுமே புதிதாக இடம்பெறுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. கடுமையான மாரடைப்பு ஒன்று நூறு கோடி அளவிலான செல்களை அழிக்கவல்லது. அழிந்த இடத்தைச் சுருங்கி விரியாத வடுத்திசு நிரப்புகிறது.

இவ்விழப்பை ஆய்வகத்தில் வளர்த்த செல்களால் ஈடுசெய்ய இயலுமா என்னும் கேள்விக்கு, 1998இல் மனிதக் கருக் குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டதும், 2007இல் யமனாக்கா குழுவினர் மனிதத் தோல் செல்களைப் பின்னோக்கித் திருப்பிப் பல்திறக் குருத்தணுக்களாக ஆக்கியதும் வழி திறந்தன. ஆனால் இதயத்தசைச் செல்லை உருவாக்குவதும், முதிர்ந்த மனிதரின் இதயத்தில் பணியாற்றவல்ல செல்லை உருவாக்குவதும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை மரபணு வெளிப்பாட்டின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

வெளிப்பாட்டின் வரிசை

உடலின் எல்லாச் செல்களிலும் மரபணுத் தொகுதி ஏறத்தாழ ஒன்றே. எந்த மரபணு, எப்போது, எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதே ஒரு செல்லை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. இதனை மின்விசையைப் போடுவதோடும் அணைப்பதோடும் ஒப்பிடுவது பாடநூல் வழக்கு. அவ்வொப்புமை பாதி அளவே பொருந்தும். ஏனெனில் இங்கு வரிசையும் கால அளவும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

பல்திற நிலையில் ஆக்ட்4, சாக்ஸ்2, நானோக் ஆகிய படியெடுப்புக் காரணிகள் மிகுந்திருக்கும். விண்ட் எனப்படும் சமிக்ஞைப் பாதை தூண்டப்பட்டதும் ஓரிரு நாள்களுக்குள் பிராக்கியூரி, இயோம்ஸ் முதலிய மரபணுக்கள் எழுந்து, செல் கருவின் இடைப்படைக்கு உரியதாகிறது. அடுத்து மெஸ்பி1 மிகக் குறுகிய காலம் தோன்றி மறைகிறது. அதன் பின்னரே ஐஎஸ்எல்1, காட்டா4, டிபிஎக்ஸ்5, என்கேஎக்ஸ்2-5 ஆகிய இதய முன்னோடிக் காரணிகள் மேலெழுகின்றன. இறுதியாக டிரோபோனின் டி, மயோசின், ஆல்ஃபா-ஆக்டினின் போன்ற சார்கோமியர்ப் புரதங்களின் மரபணுக்கள் வெளிப்படுகின்றன. ஏழு முதல் பத்து நாள்களுக்குள் வளர்ப்புத் தட்டிலேயே செல்கள் துடிக்கத் தொடங்குவதைக் காணலாம்.

என்கேஎக்ஸ்2-5இன் வரலாறு சுவையானது. பழ ஈயில் இதற்கு இணையான மரபணு பழுதுற்றால் இதயமே உருவாவதில்லை. எனவே இதயமில்லாத தகர மனிதன் என்னும் கதைப் பாத்திரத்தின் பெயரை அதற்குச் சூட்டினர். எலியில் இம்மரபணுவை நீக்கினால் இதயக்குழல் தோன்றுகிறது. ஆனால் அது வளைந்து அறைகளாக வளர்வது தடைபடுகிறது. மனிதரில் இதன் பிறழ்வுகள் பிறவி இதயக் குறைபாடுகளுக்குக் காரணமாவது 1998இல் கண்டறியப்பட்டது.

காலத்தின் இன்றியமையாமைக்கு விண்ட் பாதையே சான்று. தொடக்கத்தில் இதய உருவாக்கத்தைத் தூண்டும் அதே பாதை, இடைப்படை உருவான பின்னர் அதற்குத் தடையாகிறது. இவ்விரு முகத்தன்மையைப் பயன்கொண்டு, முதலில் அப்பாதையைத் தூண்டியும் சில நாள்கள் கழித்து அடக்கியும், இரண்டு வாரங்களில் 98 விழுக்காடு வரை இதயத்தசைச் செல்களைப் பெறும் முறையை விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழுவினர் 2012இல் வெளியிட்டனர். இரு சிறு மூலக்கூறுகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

எழுவதைப் போன்றே அடங்குவதும் முதன்மையானது. ஆக்ட்4 முற்றும் அடங்காத செல்கள் ஒரு சில எஞ்சினாலும், உடலில் செலுத்தப்பட்ட பின் அவை டெரட்டோமா என்னும் கட்டியாக வளரக்கூடும்.

குரோமாட்டின் நிலை

டி.என்.ஏ. சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் புரதங்களின் வேதிக்குறிகள் இவ்வரிசைக்கு அடித்தளமாகின்றன. 2012இல் மனிதச் செல்களிலும் எலிச் செல்களிலும் தனித்தனியே நடந்த இரு ஆய்வுகள் இம்மாற்றங்களை நாள்வாரியாகப் பதிவு செய்தன. வளர்ச்சியை நெறிப்படுத்தும் மரபணுக்கள் குருத்தணு நிலையில் அடக்கக் குறியைத் தாங்கியிருந்து, பின்னர் அதனைப் படிப்படியாக இழக்கின்றன. சார்கோமியர்ப் புரத மரபணுக்களிலோ அத்தகைய அடக்கக் குறி பெரும்பாலும் காணப்படவில்லை. ஆணையிடும் மரபணுக்கள் காவலில் வைக்கப்பட்டிருக்க, பணிபுரியும் மரபணுக்கள் ஆணைக்காகக் காத்திருக்கின்றன எனலாம். இக்குறிகளின் கால ஒழுங்கைக் கொண்டே, இதய வளர்ச்சியில் எம்இஐஎஸ்2 என்னும் மரபணுவுக்குப் பங்குண்டு என்பதை மனிதச் செல் ஆய்வு இனங்கண்டது.

முதிராத செல்

டிரோபோனின் டி வெளிப்படும் செல்களின் விழுக்காட்டையே வெற்றியின் அளவுகோலாகப் பல கட்டுரைகள் கொள்கின்றன. அது செல்லின் இனத்தைக் காட்டுமேயன்றி அதன் வயதைக் காட்டாது. வயதை அறிய டிரோபோனின் ஐ புரதத்தை நோக்க வேண்டும். கருவின் இதயத்தில் டிஎன்என்ஐ1 மரபணு மேலோங்கியிருக்கும்; பிறப்பிற்குப் பின் அவ்விடத்தை டிஎன்என்ஐ3 முழுமையாக ஏற்கிறது. அட்ரினலின் தூண்டும்போது தசை விரைந்து தளர உதவும் பாஸ்பேட் ஏற்பிடம் பின்னதில் மட்டுமே உள்ளது. ஆய்வகச் செல்களில் பல மாதங்கள் கடந்த பின்னரும் டிஎன்என்ஐ1 மேலோங்கியே நிற்கிறது.

பிற அடையாளங்களும் இதனையே உணர்த்துகின்றன. முதிர்ந்த இதயம் தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் கொழுப்பு அமிலங்களிலிருந்து பெற, இச்செல்கள் குளுக்கோசைச் சிதைத்தே பெரிதும் வாழ்கின்றன. தன்னியல்பாகத் துடிக்கச் செய்யும் எச்சிஎன்4 என்னும் அயனிக்கால்வாய் மரபணு மிகுந்தும், ஓய்வுநிலை மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் கேசிஎன்ஜே2 குறைந்தும் காணப்படுகின்றன. முதிர்ச்சியை அளக்க மயோசினை மட்டும் நம்புவதில் ஓர் இடர் உண்டு. முதிர்ந்த எலியின் கீழறையில் எம்ஒய்எச்6 மிகுதி. மனிதரின் கீழறையிலோ எம்ஒய்எச்7 மிகுதி. எலியின் அளவுகோலை மனிதச் செல்லுக்கு அப்படியே பொருத்தினால் முடிவு தலைகீழாகும்.

விளைவுகள்

இம்முதிர்ச்சியின்மை ஆய்வகத்தோடு நின்றுவிடுவதில்லை. 2014இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவினர், மாரடைப்புக்கு உள்ளாக்கப்பட்ட குரங்குகளின் இதயத்தில் 100 கோடி மனித இதயத்தசைச் செல்களைச் செலுத்தினர. செல்கள் வேரூன்றின, இதயத்தின் மின்துடிப்போடு இணைந்தும் இயங்கின. எனினும் அக்குரங்குகளிடம் இதயத்துடிப்புச் சீர்கேடு தோன்றியது. தானாகத் துடிக்கும் கருநிலைச் செல், ஒழுங்காகத் துடிக்கும் முதிர்ந்த தசைக்குள் தன் சொந்தத் தாளத்தைப் புகுத்திவிடுகிறது என்பதே இதற்குத் தரப்படும் முதன்மை விளக்கம்.

தீர்வுக்கு இரு வழிகள் முயலப்பட்டுள்ளன. செல்களை முப்பரிமாணத் திசுவாக அமைத்து, மின்தூண்டலின் வேகத்தை நாள்தோறும் கூட்டி முதிரச் செய்வது ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவினர் இதனை 2018இல் செய்து காட்டினர். துடிப்பு தொடங்கிய உடனேயே, இளம்பருவத்தில், இப்பயிற்சி தொடங்கப்பட்டதே அதன் சிறப்பு. மற்றொன்று, முதிர்ச்சிக்குக் காத்திராமல் சிக்கலுக்குரிய மரபணுக்களை நேரடியாகத் திருத்துவது. வாஷிங்டன் குழுவினர் எச்சிஎன்4 உள்ளிட்ட மூன்று மரபணுக்களை நீக்கி, கேசிஎன்ஜே2இன் வெளிப்பாட்டைக் கூட்டிய செல்களை உருவாக்கினர். 2023இல் வெளியான அவ்வாய்வின்படி, அச்செல்கள் தாமாகத் துடிப்பதில்லை. வெளியிலிருந்து மின்தூண்டல் வந்தால் மட்டுமே சுருங்குகின்றன. பன்றிகளின் இதயத்தில் அவை செலுத்தப்பட்டபோது துடிப்புச் சீர்கேடு பெருமளவு குறைந்தது. அச்செல்கள் முதிர்ந்துவிட்டன என்று இதனால் கொள்ள இயலாது. கருநிலைக்குரிய பிற வெளிப்பாடுகளுள் எவை நீண்டகாலத்தில் தீங்கிழைக்கும், எவை புரவல் இதயத்தின் சூழலிலேயே தாமாக மாறும் என்பதை ஒவ்வொரு மரபணுவாகவே பிரித்தறிய வேண்டியுள்ளது.