நடந்தது, சொன்னது, உள்ளது

கொல்கத்தாவில் வளரும் நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளம், வீட்டில்தான் தமிழ். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வந்து, “ஃபேக்ட், ட்ரூத், ரியாலிட்டி, இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன?” என்று கேட்டால், நம்மில் பலர் மூன்றுக்கும் ‘உண்மை’ என்று ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறோம். தமிழில் வேறு சொல் கிடையாது போலிருக்கு என்று பிள்ளையும் நினைத்துக்கொள்ளும். அது சரியல்ல என்பதைக் காட்டவே இக்கட்டுரை. நாம் குடியிருக்கும் இந்த ஊருக்கும் இச்சொற்களுக்கும் உறவு உண்டு என்பதால், அந்த வழியிலேயே போய்ப் பார்ப்போம்.

முதலில் ஃபேக்ட். இது லத்தீன் மொழியில் ‘செய்யப்பட்டது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கல்கத்தா இந்தியாவின் தலைநகராக இருந்த காலத்தில், 1872-இல், இந்தியச் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. ஃபேக்ட் என்றால் என்ன என்பதற்கு அதில் எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒருவன் சில சொற்களைச் சொன்னான் என்பது ஒரு ஃபேக்ட். ஒருவனுக்கு ஒரு கருத்து இருக்கிறது என்பதும் ஒரு ஃபேக்ட். அவன் சொன்னது பொய்யாக இருக்கலாம், ஆனால் சொன்னது சொன்னதுதானே! 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எடுத்துக்காட்டுகள் அதிலும் தொடர்கின்றன.

தமிழிலும் ‘செய்’ என்ற வேரிலிருந்து ‘செய்தி’ பிறந்தது. செயல் என்ற பொருள் அதற்கு உண்டு. இன்று நாம் செவிவழி வரும் சேதியை மட்டுமே அப்படிச் சொல்கிறோம். செல்போனில் வருவதெல்லாம் ‘செய்தி’தான், அவற்றில் எத்தனை உண்மையில் செய்யப்பட்டவை, நடந்தவை என்பது வேறு கேள்வி.

அடுத்து ட்ரூத். ‘ட்ரூ’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் நம்பிக்கைக்குரிய, வாக்கு மாறாத என்று பொருள். நம்பிக்கையைக் குறிக்கும் ‘டிரஸ்ட்’ இதற்கு உறவு. கல்யாணம் நிச்சயம் செய்வதைக் குறிக்கும் ‘பிட்ரோத்’ என்பதும் இதே குடும்பம்தான். ஆக, ட்ரூத் என்பது ஒரு மனிதனின் சொல்லோடும் நடத்தையோடும் ஒட்டியது. தமிழில் இதற்கு நேர் நிற்கும் சொல் ‘வாய்மை’. வள்ளுவர் 30-ஆம் அதிகாரத்தை இதற்கே ஒதுக்கி, பிறருக்குத் தீங்கு சிறிதும் இல்லாத சொல்லே வாய்மை என்று இலக்கணம் வகுத்தார். வடமொழியில் ‘சத்யமேவ ஜயதே’ என்று நாட்டின் முத்திரையில் இருப்பது, தமிழ்நாடு அரசின் முத்திரையில் ‘வாய்மையே வெல்லும்’ என்று இருக்கிறது. வெல்ல வேண்டியது மனிதர் வாயிலிருந்து வரும் சொல் என்று அந்தத் தமிழ் நமக்கு நினைவூட்டுகிறது.

மூன்றாவது ரியாலிட்டி. பொருள், வஸ்து என்று பொருள்படும் ‘ரேஸ்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். நிலபுலன்களை ‘ரியல் எஸ்டேட்’ என்று சொல்வதும் இந்த வேரிலிருந்துதான். தமிழில் இதற்குப் பொருந்துவது ‘உண்மை’. உள் என்ற வேரிலிருந்து வந்தது அது. உள்ளதாக இருக்கும் தன்மை. நம் தத்துவ நூல்களில் உண்மைக்கு எதிர்ச்சொல்லாக ‘இன்மை’ நிற்பதைக் காணலாம்.

இங்கே ஒரு வியப்பு. 1786 பிப்ரவரி 2 அன்று, இந்நகரின் ஆசியச் சங்கத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையில், வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். ‘சத்யம்’ என்பது ‘இருப்பது’ என்ற பொருளுடைய ‘சத்’ என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘இஸ்’ அதே வேரைச் சேர்ந்தது. தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816-இல் சென்னையில் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள், இருப்பதே உண்மை என்ற ஒரே எண்ணத்துக்குத் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கின்றன!

அந்த ‘இருப்பது’ மனிதன் இல்லாவிட்டாலும் இருக்குமா? நம் ஜோராசாங்கோவில் பிறந்த தாகூரும் ஐன்ஸ்டைனும் 1930 ஜூலை 14 அன்று ஜெர்மனியில் இதைத்தான் பேசினார்கள். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் மேசை இருந்த இடத்தில் இருக்கும் என்பது ஐன்ஸ்டைனின் கட்சி. மனித மனத்தோடு தொடர்பே இல்லாத உண்மை நமக்கு இல்லை என்பது தாகூரின் கட்சி. இருவரும் ஒத்துப்போகவில்லை.

இன்னும் இரண்டு சொற்கள். ‘மெய்’ என்றால் உடம்பு, உண்மையும் அதுவே. “மெய்யாவா?” என்று கேட்கும் பாட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ‘நிஜம்’ வடசொல், தன்னுடையது என்பதே அதன் முதற்பொருள். வங்காளிகள் ‘நிஜேர் பாடி’ என்றால் சொந்த வீடு. நாமோ அதை உண்மை என்ற பொருளுக்கு எடுத்துக்கொண்டோம். இதைச் சொன்னால் பிள்ளைகள் ரசிப்பார்கள்.

ஒரே சொல்லை வைத்திருக்கும் பிள்ளைக்கு ஒரே கேள்விதான் கேட்கத் தெரியும். செல்போனில் ஒரு வதந்தி வந்தால், நம்ம பிள்ளை மூன்று கேள்வி கேட்கட்டும்: இது நடந்ததா? சொன்னவர் வாக்கு நம்பத்தக்கதா? உள்ள நிலைமை என்ன? பிறமொழிச் சூழலில் வாழும் நாம் வீட்டில் பேசினால்தான் இந்தச் சொற்கள் அவர்களிடம் நிற்கும். அடுத்த முறை பிள்ளை “ஆக்சுவலி” என்று ஆரம்பிக்கும்போது, “நடந்ததைச் சொல்றியா, நினைச்சதைச் சொல்றியா கண்ணு?” என்று கேட்டுப்பாருங்கள்.